எந்தச் சட்டம் அந்த ஐந்து நிமிடத்தைத் தருகிறது?

இரவு. சாலையோரமாக ஒரு கார் வந்து நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது. அங்கே நிற்கும் பெண் தொழிலில் பழகியவராக இருந்தால் ஓட்டுபவனின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் பின் சீட்டைப் பார்ப்பார், இன்னொருவன் குனிந்து படுத்திருக்கிறானா என்று. கதவின் உட்பக்கம் கைப்பிடி இருக்கிறதா, குடித்த வாடை அடிக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று கவனிப்பார். நாலடி தள்ளி நிற்கும் தோழி அதற்குள் வண்டி எண்ணைப் போனில் தட்டிவிடுவார். அதன் பிறகுதான் பேரம்: என்ன, எவ்வளவு, எங்கே, ஆணுறை உண்டா. ஏதாவது ஒன்று உறுத்தினால் "வேண்டாம், கிளம்பு" என்பதோடு முடிந்தது.

எல்லாம் சேர்த்து ஒரு ஐந்து நிமிடம். பாலியல் தொழிலாளர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் வருவார்கள். வீட்டுக்குள்ளிருந்து வேலை செய்பவருக்கு இதே ஐந்து நிமிடம் போன் பேச்சிலும் கதவின் இடுக்கிலும் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க இதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். அந்த ஐந்து நிமிடம் கிடைக்கிறதா? பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொள்ள முடிகிறதா? ஏதாவது நடந்தால் பயமில்லாமல் போலீஸுக்குப் போக முடிகிறதா? தொழில் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சிறார்களை இதில் தள்ளுவதும் ஆட்களைக் கடத்திவந்து கட்டாயப்படுத்துவதும் கீழே வரும் எல்லா முறைகளிலும் குற்றம்தான். இங்கே பேசுவது வயதுவந்தவர்களைப் பற்றி. பெரும்பாலோர் பெண்கள், ஆனால் ஆண்களும் திருநங்கைகளும் இதில் இருக்கிறார்கள்.

உலகத்தில் இருக்கும் சட்டங்களை நான்கு கட்டாகப் பிரிக்கலாம்: எல்லாவற்றையும் குற்றமாக்குவது, வாங்குபவனை மட்டும் குற்றவாளியாக்குவது, உரிமமும் பதிவும் வைத்து அனுமதிப்பது, குற்றவியல் சட்டத்திலிருந்தே எடுத்துவிடுவது. நடைமுறையில் பல நாடுகள் இரண்டைக் கலந்துதான் வைத்திருக்கின்றன.

எல்லாமே குற்றம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் இந்த முறையில் இருக்கின்றன. விற்பவர், வாங்குபவர், இடம் கொடுப்பவர் எல்லோர் மீதும் வழக்கு. போலீஸைக் கண்டால் ஓடவேண்டியவர் போலீஸிடமே புகார் கொடுக்க மாட்டார், அது அடிக்க வருகிறவனுக்கும் தெரியும். 2018இல் பிளாஸ் மெடிசின் என்ற மருத்துவ இதழில், 33 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஒரு ஆய்வு வந்தது. போலீஸ் கெடுபிடிக்கு ஆளான பாலியல் தொழிலாளர்கள் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்திக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு என்றது அது. கைது, ஆணுறையைப் பறிமுதல் செய்வது, மாமூல், மிரட்டல் எல்லாம் இந்தக் கெடுபிடிக்குள் அடங்கும்.

அதே 2018 ஏப்ரலில் அமெரிக்காவில், பாலியல் தொழில் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த பேக்பேஜ் என்ற இணையத் தளத்தை அரசு மூடியது. சில நாளில், இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குத் தளத்தையே பொறுப்பாக்கும் ஃபோஸ்டா என்ற சட்டமும் வந்தது. ஆள் கடத்தலைத் தடுப்பதற்கென்று வந்த சட்டம்தான். ஆனால் அந்தத் தளங்களில்தான் பலர் வாடிக்கையாளரின் எண்ணைச் சரிபார்த்தார்கள், மோசமான ஆட்களின் பட்டியலைப் பகிர்ந்துகொண்டார்கள். தளம் போனது, ஐந்து நிமிடமும் அதோடு போனது. கொஞ்சம் பேர் தெருவுக்குத் திரும்பினார்கள். கொஞ்சம் பேரிடம் பழைய தரகர்கள் "ஆள் பிடித்துத் தருகிறேன்" என்று மறுபடி வந்து நின்றார்கள்.

அரைகுறையாகத் தடை போட்டாலும் இதே கதைதான். இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாலியல் தொழில் செய்வது தன்னளவில் குற்றமில்லை. பாலியல் தொழிலுக்கான விடுதி நடத்துவது, பொது இடத்தில் அழைப்பது, இன்னொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் வாழ்வது ஆகியவை குற்றம். கடைசியில் சொன்னது தரகர்களைப் பிடிக்கத்தான், ஆனால் வாசகம் "பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும்" என்று போகிறது. கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயது மகனும் அதற்குள் வந்துவிடுவான், வீட்டில் இருக்கும் வயதான தாயும்தான். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், விருப்பத்தோடு தொழில் செய்யும் வயதுவந்தவர்களை ரெய்டில் பிடித்து அலைக்கழிக்கக் கூடாது, கண்ணியமாக நடத்த வேண்டும் என்று போலீஸுக்கு உத்தரவிட்டது. சட்டத்தின் வாசகம் அப்படியே இருக்கிறது.

இந்த மாதிரிச் சட்டம் எப்படி ஆளைக் கொல்லும் என்பதை ஒரு நீதிமன்றமே படிப்படியாக எழுதிவைத்திருக்கிறது. கனடாவில் டெரி-ஜீன் பெட்ஃபோர்டும் இன்னும் இருவரும் தொடுத்த வழக்கு அது. அங்கேயும் தொழில் குற்றமில்லை. விடுதி வைப்பது, தொழிலின் வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் பேரம் பேசுவது மூன்றும் குற்றம். விடுதித் தடையால் வீட்டுக்குள் வேலை செய்ய முடியாது. வருமானத் தடையால் காவலாளோ டிரைவரோ வைத்துக்கொள்ள முடியாது. பேச்சுத் தடையால் காரில் ஏறும் முன் பேசிப் பார்க்க முடியாது. வான்கூவரில் தெருப் பெண்கள் மீது தொடர் கொலைகாரன் ஒருவன் கண் வைத்திருக்கிறான் என்று பயம் பரவியிருந்த காலத்தில், 'பாட்டி வீடு' என்ற பெயரில் அவர்களுக்காகத் திறந்திருந்த ஒரு பாதுகாப்பான வீடு இந்த விடுதிச் சட்டத்தால்தான் மூடப்பட்டது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக மூன்று பிரிவுகளையும் செல்லாது என்றார்கள்.

வாங்குபவன் மட்டும் குற்றவாளி

அந்தத் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு கனடா அரசு கொண்டுவந்த புதுச் சட்டம் எது தெரியுமா? சுவீடன் 1999இல் தொடங்கிவைத்த நோர்டிக் முறை. விற்பவரைத் தொடாதே, வாங்குபவனைப் பிடி என்பது அதன் சாரம். நார்வே, ஐஸ்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, இஸ்ரேல் எல்லாம் பின்னால் வந்தன. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2014இல் இதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது.

காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. பலவீனமானவரை விட்டுவிட்டு, பணமும் பலமும் உள்ளவனைத் தண்டிக்கிறது. ஆண்கள் வாங்குவது குறைந்தால் சந்தை சுருங்கும், சந்தை சுருங்கினால் கடத்திக்கொண்டு வருகிறவனுக்கு லாபம் குறையும். சுவீடனின் 2010ஆம் ஆண்டு அரசு மதிப்பீடு, தெருவில் நடக்கும் தொழில் பாதியாகக் குறைந்துவிட்டதாகச் சொன்னது. ஆனால் வாங்குவதைத் தொடர்ந்து குற்றமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அந்த மதிப்பீட்டுக் குழுவுக்கு முன்கூட்டியே விதிக்கப்பட்டிருந்த நிபந்தனை. விடையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்கைப் போடச் சொன்ன மாதிரி.

சரி, நம் காருக்கு வருவோம். இப்போது பயப்படுகிறவன் ஓட்டுபவன். "சீக்கிரம் ஏறு, யாராவது பார்த்துவிடுவார்கள்." வெளிச்சமான தெருவில் நிற்கமாட்டான், பெயர் சொல்லமாட்டான், சொந்த எண்ணிலிருந்து கூப்பிடமாட்டான். நல்லவிதமாக நடந்துகொள்ளும் ஆட்களுக்குத்தான் இழக்க வேலையும் குடும்பமும் இருக்கிறது, அவர்கள்தான் முதலில் விலகுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் கைதுக்கு அஞ்சாதவர்கள். ஆள் குறைந்த சந்தையில் வாடகை கட்டவேண்டிய பெண்ணால் எத்தனை பேரைத்தான் "வேண்டாம்" என்று அனுப்ப முடியும்?

பிரான்ஸில் 2016 ஏப்ரலில் சட்டம் வந்தது. முதல் தடவை பிடிபட்டால் 1,500 யூரோ வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 3,750 வரை. இரண்டு ஆண்டு கழித்து மெடசான் து மோந்த் என்ற மருத்துவ அமைப்பு மற்ற அமைப்புகளோடு சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டது. வருமானம் குறைந்தது என்றவர்கள் 78 சதவீதம், வாழ்நிலை மோசமானது என்றவர்கள் 63 சதவீதம், வன்முறை கூடியது என்றவர்கள் 42 சதவீதம். ஆணுறை போடச் சொல்வது முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது என்றவர்கள் 38 சதவீதம். இந்த அமைப்பு சட்டத்தை எதிர்க்கும் பக்கத்தில் நிற்பது, அதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலை விட்டு வெளியேறுவோருக்கு அரசு வாக்களித்த மாத உதவி தொடக்கத்தில் 330 யூரோ. அதை வைத்துப் பிரான்ஸில் ஒரு அறை எடுப்பதே கஷ்டம். பாதிக்கப்பட்ட 261 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2024 ஜூலையில், இது நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டிய கொள்கை விஷயம் என்கிற அளவில் நீதிமன்றம் பிரான்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது.

"விற்பவரைத் தொடமாட்டோம்" என்ற வாக்கும் முழு உண்மை இல்லை. இடம் கொடுப்பது குற்றமாகவே இருப்பதால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியே ஆகவேண்டும். நார்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் போலீஸ் வீட்டு உரிமையாளர்களை எச்சரித்துப் பெண்களை வெளியேற்ற ஒரு நடவடிக்கையே நடத்தியது, அதன் பெயரே 'வீடற்றோர் நடவடிக்கை'. கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் பெயர். அயர்லாந்தில் இரண்டு பேர் ஒரே வீட்டில் வேலை செய்தால் அது விடுதி. வாங்குவதைக் குற்றமாக்கிய அதே 2017 சட்டம் விடுதி நடத்துவதற்கான தண்டனையையும் கூட்டியது. 2019இல் ஒரே வீட்டில் இருந்த வெளிநாட்டுப் பெண்கள் இருவருக்கு அங்கே ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதில் ஒருவர் கர்ப்பிணி. துணைக்கு ஆள் இருந்ததே அவர்கள் செய்த குற்றம்.

உரிமமும் பதிவும்

அடுத்தது ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சில கவுண்டிகள் (மாவட்டங்கள்), ஆப்பிரிக்காவின் செனகல். இதைத்தான் பலர் "சட்டபூர்வமாக்கிவிட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்வது. நெவாடாவின் பெரிய நகரமான லாஸ் வேகாஸும் அதில் சேர்த்தி என்று நினைப்பவர்கள் நிறைய. அங்கே தொழிலுக்கு அனுமதி இல்லை.

உள்ளே இருப்பவருக்கு நன்மை உண்டு. உரிமம் பெற்ற விடுதியில் அவசர அழைப்பு மணி, கூட இருக்கும் ஆட்கள், வாசலில் காவல் எல்லாம் கிடைக்கும். அடித்துவிட்டு ஓடுவது சுலபமில்லை. நெதர்லாந்தின் சில நகரங்கள் தெருத் தொழிலுக்கென்று தனி இடம் ஒதுக்கின, உரிமம் வைத்தும் வைக்காமலும். அதை ஆராய்ந்த பொருளியல் ஆய்வு ஒன்று, முதல் இரண்டு ஆண்டில் பாலியல் வன்கொடுமைப் புகார்கள் 30 முதல் 40 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டது.

சிக்கல் எங்கே என்றால், யார் உள்ளே, யார் வெளியே என்பதில். ஜெர்மனியின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோரையும் பதிவு செய்யச் சொல்கிறது. புனைபெயரில் அட்டை வாங்கலாம், ஆனாலும் அலுவலகத்தில் உண்மைப் பெயர் இருக்கும். குழந்தையின் பள்ளிக்கோ சொந்த ஊருக்கோ தெரிந்துவிட்டால் என்ற பயத்துக்கு அட்டையில் இருக்கும் பெயர் மருந்தாகாது. 2019 முடிவில் அங்கே பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 40,000 பேர். தொழிலில் இருப்பவர்களின் எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்றுதான் மதிப்பீடுகள் சொல்கின்றன. செனகலில் 1969லிருந்து பதிவு அட்டையும் கட்டாய மருத்துவப் பரிசோதனையும் இருக்கின்றன, பெரும்பாலோர் அட்டை இல்லாமல்தான் வேலை செய்கிறார்கள். அட்டை இல்லாதவருக்கு நிலைமை முதல் கட்டைப் போலத்தான்: புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி "உன் அட்டை எங்கே?"

இன்னொன்று, உரிமம் முதலாளிக்குப் பலம் சேர்க்கிறது. உரிமம் வாங்கப் பணமும் கட்டடமும் வேண்டும், அது தனியாக இருக்கும் பெண்ணிடம் இருக்காது. ஜெர்மனியின் பெரிய விடுதிகளில் அறை வாடகை நாளுக்கு நூறு யூரோவைத் தாண்டும். அன்றைக்கு முதலில் வரும் ஆட்களின் காசு வாடகைக்கே போகிறது. அதுவரை யாரையும் மறுக்க மனசு வராது. நெவாடாவில் வருமானத்தில் பாதியை விடுதி எடுத்துக்கொள்வது வழக்கம். வாரா வாரம் பரிசோதனைக்கு உட்படுவது தொழிலாளி மட்டும், வருகிற ஆணுக்குப் பரிசோதனை கிடையாது. சட்டம் யாருடைய உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால்

அமெரிக்க மாநிலமான ரோட் ஐலண்டில் இது தவறுதலாக நடந்தது. 1980இல் சட்டத்தைத் திருத்தும்போது விழுந்த ஓட்டையால், நான்கு சுவருக்குள் நடக்கும் தொழில் குற்றம் இல்லாமல் போய்விட்டது. 2003இல் ஒரு வழக்கில்தான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள், 2009இல் ஓட்டையை அடைத்தார்கள். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பாலியல் வல்லுறவுக் குற்றங்கள் ஏறக்குறைய 30 சதவீதமும், பெண்களிடையே கொனோரியா என்ற பால்வினை நோய் ஏறக்குறைய 40 சதவீதமும் குறைந்திருந்தன. தொழிலின் அளவு கூடியிருந்தது, அதையும் மறைக்கவில்லை.

தெரிந்தே செய்த நாடு நியூசிலாந்து. 2003இல் 60க்கு 59 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. முன்பு தெருவில் தொழில் செய்த ஜோர்ஜினா பேயர், அப்போது நாடாளுமன்ற உறுப்பினர், எழுந்து பேசிய பேச்சு சில வாக்குகளைத் திருப்பியதாகச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி ரொம்பச் சின்னது: முதலாளி இல்லாமல் நான்கு பேர் வரை ஒன்றாக ஒரு வீட்டில் வேலை செய்யலாம், அதற்குச் சான்றிதழ் வேண்டாம். அயர்லாந்தில் இரண்டு பேருக்குச் சிறை, இங்கே நான்கு பேருக்கு ஒரு தாள்கூட வேண்டாம். இன்னொரு பிரிவு, பணம் வாங்கிய பிறகும் எந்த நேரத்திலும் மறுக்கலாம் என்கிறது. 2008இல் வந்த அரசுக் குழுவின் மதிப்பீடு, தொழிலில் இருப்பவர்களின் எண்ணிக்கை சட்டத்தால் கூடவில்லை என்றது. கேட்கப்பட்டவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானோர், மறுப்பது முன்பைவிடச் சுலபம் என்றார்கள்.

எண்ணிக்கையைவிட இரண்டு வழக்குகள் நிலைமையை நன்றாகச் சொல்கின்றன. 2014இல் ஒரு பாலியல் தொழிலாளி, தன் விடுதி நடத்துநர் ஆபாசமாகவும் இழிவாகவும் பேசி வேலை செய்யவிடாமல் தொல்லை கொடுத்தார் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். எந்த அலுவலக ஊழியரும் கொடுக்கும் பாலியல் சீண்டல் புகார்தான். 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு கிடைத்தது. 2021இல், தொழிலாளிக்குத் தெரியாமல் ஆணுறையைக் கழற்றிய வாடிக்கையாளர் மீது வல்லுறவுக் குற்றம் நிரூபணமாகி 3 ஆண்டு 9 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முதல் கட்டில் இருக்கும் ஒரு நாட்டில் இந்தப் புகாரைக் கொடுக்கப் போனவரே லாக்கப்பில் உட்கார நேரலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் இதை 1995லேயே செய்துவிட்டது. அங்கே முக்கியக் காரணம் போலீஸ் லஞ்சம்: விடுதியை மேற்பார்க்கும் பொறுப்பு போலீஸ் கையில் இருக்கும்வரை மாமூல் ஓயாது என்பது விசாரணையில் அம்பலமானது. பெல்ஜியம் 2022இல் குற்றநீக்கம் செய்தது. 2024 டிசம்பரிலிருந்து வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. முதலாளிக்கு அரசின் அனுமதி வேண்டும், ஒவ்வொரு அறையிலும் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும். மறுத்ததற்காக வேலையை விட்டு எடுக்க முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் பத்து தடவைக்கு மேல் மறுத்தால் விஷயத்தை அரசின் சமரசத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. உடம்பை வைத்து செய்யும் வேலையில் மறுப்புக்கு எண்ணிக்கை எதற்கு? அந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

எதிர்வாதத்தில் வலுவானது ஆள் கடத்தல். 2013இல் சுமார் 150 நாடுகளின் தரவை வைத்து வந்த ஆய்வு, தொழில் சட்டபூர்வமாக உள்ள நாடுகளுக்குள் கடத்தல் சராசரியாக அதிகம் பதிவாகிறது என்றது. கடத்தலைப் பற்றிய தரவு எவ்வளவு ஓட்டையானது என்று எழுதியவர்களே எச்சரித்திருந்தார்கள். அதை ஒதுக்கித்தள்ள நான் தயாரில்லை. ஆனால் பக்கத்து அறையில் ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தி வைத்திருப்பதை முதலில் கவனிப்பது யார்? அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணும் அங்கே வந்துபோகும் வாடிக்கையாளரும்தான். அவர்கள் வாயைத் திறந்தால் தங்கள் மீதே வழக்கு வரும் என்றால், கடத்தியவனுக்கு அதைவிட நல்ல காவல் வேறு இல்லை.

ஆகவே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நியூசிலாந்து வழிக்குத்தான் கை தூக்குவேன், அதோடு பெல்ஜியத்தின் தொழிலாளர் உரிமைகளையும் சேர்த்து. ஆனால் அந்தச் சட்டத்தை அப்படியே நகல் எடுக்கச் சொல்லமாட்டேன். அதில் 19ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது: தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தத் தொழில் செய்யக் கூடாது. கடத்தலைத் தடுக்க வைத்தது. விளைவு, மாணவர் விசாவில் வந்து இந்தத் தொழில் செய்யும் பெண்ணிடம் ஒருவன் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனால், புகார் கொடுக்கும் முன் நாடு கடத்தப்படுவோமா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்காக நல்ல சட்டம் எழுதிய அதே நாட்டில் அவருக்கு மட்டும் பழைய சட்டம். பிடுங்குகிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. எந்த நாட்டில் புது மசோதா வந்தாலும் முன்னுரையில் "பாதுகாப்பு", "கண்ணியம்", "சுரண்டல் ஒழிப்பு" என்ற சொற்கள் நிறைந்திருக்கும், நான்கு கட்டிலும் அப்படித்தான். நான் அதைத் தாண்டி விளக்கங்கள் பகுதிக்குப் போய், 'விடுதி' என்றால் என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். எத்தனை பேர் சேர்ந்தால் விடுதி? இரண்டா, ஐந்தா? அடுத்து, வருமானத்தில் வாழ்வோர் பற்றிய பிரிவில் மகனுக்கும் டிரைவருக்கும் விலக்கு இருக்கிறதா, பதிவேடு இருந்தால் அது யார் கையில் இருக்கும், விசா பற்றி எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். முன்னுரையைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.